தாடை ஆபரேஷன் சரியாக வந்திருக்கிறதா? படங்களை வைத்து மதிப்பிடுவது எப்படி

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை பக்கத்தில் தாடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலர் அதைச் சென்னையிலோ திருச்சியிலோ சிதம்பரத்திலோ செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள். ஆறு மாதம் கழித்து டாக்டர் "ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்பார். நம்மவர்கள் பக்கத்து ஸ்கேன் சென்டருக்குப் போய் ஓபிஜி என்கிற தாடை எக்ஸ்ரே ஒன்று எடுத்து, அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, போனில் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அங்கிருந்து "நல்லா இருக்கு" என்று பதில் வரும். தகடும் திருகும் இடத்தில் இருக்கிறதா என்பதற்கு அந்தப் படம் போதும். தாடை நகர்ந்திருக்கிறதா என்று கேட்டால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

நான் பல் சீரமைப்புத் துறையில் இருப்பவன். கிளிப் மட்டும் போட்டுச் சரிசெய்ய முடியாமல் எலும்பையே வெட்டி நகர்த்தியவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு அலையும் அப்பா அம்மாவுக்கும், இந்த வேலையைப் பழகும் இளம் பல் மருத்துவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். மேல்தாடையை வெட்டி நகர்த்தும் லெஃபோர்ட் ஒன்று, கீழ்த்தாடையை இரு பக்கமும் பிளந்து நகர்த்தும் பிஎஸ்எஸ்ஓ, மோவாயை மட்டும் நகர்த்தும் ஜீனியோபிளாஸ்டி, காதுக்குக் கீழே தாடை மூலையைச் செதுக்கிக் குறைப்பது என்று எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"ஆபரேஷன் நல்லா வந்துச்சா?" என்று ஒரே கேள்வியாகத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. திட்டமிட்ட இடத்தில் எலும்பை வைத்தார்களா என்பது ஒன்று. வைத்த இடத்தில் அது நின்றதா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

கீழ்த்தாடையை 6 மி.மீ. முன்னால் கொண்டுவரத் திட்டம் என்று வையுங்கள். ஒரு வருடம் கழித்து அளந்தால் 3 மி.மீ.தான் முன்னால் இருக்கிறது. அன்றைக்கே 3 மி.மீ.தான் நகர்த்தினார்களா, அல்லது 6 நகர்த்தி அதில் பாதி பின்னால் போய்விட்டதா? ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்த படம் இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. பின்னால் போயிருந்தால், இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டின் எலும்பு கரைகிறதா என்று தேட வேண்டும். அன்றைக்கே அங்கேதான் வைத்தார்கள் என்றால் அந்தத் தேடலே வேண்டாம்.

அதனால் குறைந்தது மூன்று படங்கள் வேண்டும். ஆபரேஷனுக்குச் சற்று முன்னால் ஒன்று, முடிந்து சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் ஒன்று, ஒரு வருடம் கழித்து ஒன்று. நடுவில் ஆறாவது மாதம் இன்னொன்று இருந்தால் நல்லது, அதற்குச் சாதாரண பக்கவாட்டுப் படமே போதும். பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டாவது படம்தான். முகம் வீங்கி, வாய் ரப்பரால் கட்டியிருக்கும் நேரத்தில் யாருக்கும் எக்ஸ்ரே நினைப்பு வராது. ஆனால் வீக்கம் தோலிலும் சதையிலும்தான் இருக்கிறது. எலும்பு எங்கே இருக்கிறது என்பது அன்றைக்கே படத்தில் தெளிவாகத் தெரியும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்னால் நீங்களே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பற்களுக்கு நடுவே ஸ்ப்ளின்ட் என்கிற பிளாஸ்டிக் வார்ப்பு இருக்கும்போது எடுத்த படமா, அதைக் கழற்றிய பிறகு எடுத்ததா என்று குறித்து வையுங்கள். அது உள்ளே இருந்தால் அதன் கனத்துக்குக் கீழ்த்தாடை கொஞ்சம் திறந்து, மோவாய் சற்றுக் கீழேயும் பின்னாலும் தெரியும். பிறகு அதைக் கழற்றிவிட்டு எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், நகராத தாடை நகர்ந்த மாதிரி கணக்கு வரும்.

எந்தப் படம் எதற்கு

ஓபிஜி என்பது முகத்தைச் சுற்றி வந்து எடுக்கும் படம். தகடு உடைந்திருக்கிறதா, திருகைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்து தளர்ந்திருக்கிறதா, திருகு பல் வேரில் பட்டிருக்கிறதா, மூட்டுக் குமிழ், அதாவது தாடை மூட்டில் கீழ்த்தாடையின் உருண்டை முனை, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வடிவமா என்று பார்க்க நல்லது. மில்லிமீட்டரில் எதையும் அளக்க ஆகாது. ஒரே படத்துக்குள்ளேயே ஓர் இடம் அதிகமாகவும் இன்னோர் இடம் குறைவாகவும் பெரிதாகியிருக்கும், தலை கொஞ்சம் திரும்பினாலும் ஒரு பக்கத் தாடை அகலமாகிவிடும்.

அளப்பதற்கு என்றே வந்தது பக்கவாட்டுத் தலைப்படம், நாங்கள் லேட்டரல் செஃப் என்போம். 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியாக இதை வெளியிட்டார்கள். காதில் இரண்டு குச்சியை வைத்துத் தலையை ஒரே நிலையில் நிறுத்தியதுதான் அதன் சிறப்பு. அப்படி நிறுத்தினால்தான் வருடக்கணக்கில் எடுக்கும் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். விலை குறைவு, கதிர்வீச்சும் மிகக் குறைவு. முன்னும் பின்னும், மேலும் கீழும் நடந்த மாற்றத்துக்கு இது போதும். முகம் ஒரு பக்கம் கோணியிருந்து அதைச் சரிசெய்திருந்தால் இது போதாது, வலதும் இடதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும்.

இங்கேதான் டெல்டாக்காரர்களுக்கு உள்ள முக்கியமான சிக்கல் வருகிறது. முதல் படம் சென்னையில் ஒரு மெஷினில், அடுத்த படம் தஞ்சாவூரில் வேறு மெஷினில். செஃப் படத்தில் தலை உண்மையான அளவை விடக் கொஞ்சம் பெரிதாக விழும், பல மெஷின்களில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆனால் மெஷினுக்கு மெஷின் மாறும். அப்படியானால் 100 மி.மீ. நீளத் தாடை ஒன்றில் 108 என்றும் இன்னொன்றில் 112 என்றும் வரலாம், தாடை அசையாமலேயே நாலு மில்லிமீட்டர் வித்தியாசம். படத்தின் ஓரத்தில் தெரியும் அளவுகோலை வைத்து இரண்டையும் உண்மை அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மில்லிமீட்டரைப் பேச வேண்டும். அளவுகோல் இல்லாத படம் என்றால் கோணங்களை மட்டும் நம்புங்கள். படம் பெரிதானாலும் சிறிதானாலும் கோணம் மாறாது. முடிந்தவரை எல்லாப் படங்களையும் ஒரே சென்டரில் எடுப்பதுதான் நல்லது. ஆபரேஷனுக்கு முந்தைய படத்தையே ஊருக்குப் பக்கத்தில் எடுத்துக்கொண்டு போக டாக்டர் சம்மதித்தால் பிற்பாடு எல்லாமே சுலபம்.

சிபிசிடி முப்பரிமாணப் படம். இதில் பெரிதாகும் பிரச்சினை இல்லை, உண்மை அளவிலேயே வரும். கோணிய முகம், தாடை மூலைக் குறைப்பு, மூட்டுக் குமிழ் எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. ஆனால் பல இடங்களில் இம்பிளான்ட்டுக்காக ஒரு தாடையை மட்டும் எடுக்கும் சிறிய படமாக எடுத்துத் தருவார்கள். நமக்கு நெற்றியின் கீழ்ப்பகுதியிலிருந்து மோவாய் அடி வரை, மண்டை ஓட்டின் அடித்தளமும் சேர்ந்து விழ வேண்டும். போவதற்கு முன்னால் போன் போட்டு "முழு முகமும் விழுற மாதிரி பெரிய அளவுல எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் சாதாரண சிடி ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் அதில் கதிர்வீச்சு பொதுவாகக் கூடுதல். படுத்த நிலையில் எடுப்பதால் கன்னமும் மோவாய்ச் சதையும் பின்னால் சரிந்திருக்கும், எலும்பைப் பார்க்கலாம், முகத் தோற்றத்தை அதில் ஒப்பிடக் கூடாது.

கதிர்வீச்சைப் பற்றி எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். இயற்கையாகவே நாம் ஒவ்வொருவரும் வாங்கும் கதிர்வீச்சு உலக சராசரியாக வருடத்துக்குச் சுமார் 2,400 மைக்ரோசீவர்ட். ஒரு லேட்டரல் செஃப் பத்துக்கும் கீழே. ஓபிஜி பொதுவாகப் பத்திலிருந்து இருபத்தைந்துக்குள். முழு முக சிபிசிடி மெஷினையும் அமைப்பையும் பொறுத்துச் சில பத்துகளிலிருந்து பல நூறுகள் வரை போகும். பயப்படும் அளவு இல்லை, ஆனால் "சும்மா பார்க்கலாமே" என்று மாதாமாதம் எடுக்கவும் கூடாது. எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் உரிமைதான். கர்ப்பமாக இருந்தாலோ இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

படம் எடுக்கும் அன்று

தோடு, மூக்குத்தி, ஹேர் கிளிப், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மூக்குத்தியைச் சின்னது என்று விட்டுவிடுகிறார்கள். பக்கவாட்டுப் படத்தில் அது மேல்தாடையில் நாம் அளக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே போய் விழும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதைச் சட்டைக்குள் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, டெக்னீஷியனிடமும் சொல்லிவிட்டால் போதும்.

நிமிர்ந்து, தூரத்தில் இருக்கும் ஒரு கண்ணாடியில் உங்கள் கண்ணையே பார்க்கிற மாதிரி தலையை வையுங்கள். கடைவாய்ப் பற்கள் மெல்ல ஒன்றோடொன்று பட வேண்டும், அழுத்திக் கடிக்க வேண்டாம். உதட்டைத் தளர்வாக விடுங்கள், மூட வேண்டும் என்று இழுக்காதீர்கள். படம் முடியும் வரை எச்சில் விழுங்காமல் இருங்கள். சிபிசிடி எடுக்கும்போது மோவாயைத் தாங்க ஒரு கிண்ணம் வைப்பார்கள், அது மோவாய்ச் சதையை மேலே தள்ளி உருவத்தையே மாற்றிவிடும். "நெத்திப் பட்டை மட்டும் போதும் சார், தாடைக்குக் கீழ வேணாம்" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பல் கடிக்காமல் வாய் லேசாகத் திறந்தபடி எடுத்த படம் மொத்தமும் வீண், ஏனென்றால் கீழ்த்தாடை மூட்டில் சுழன்று மோவாய் பின்னால் போய்விடும்.

வாங்கி வர வேண்டியது ஃபிலிம் அல்ல. "டைகாம் ஃபைலாவே வேணும், ஜேபெக் வேண்டாம், பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க" என்று சொல்லுங்கள். டைகாம் என்பது ஸ்கேன் மெஷின் தரும் மூல ஃபைல். சிடி தட்டில் பதிந்து தந்தால் அன்றைக்கே ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள், இப்போது பல லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை. இணையத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தையும் பட்டுக்கோட்டையையும் அடித்துப்போட்டபோது, கூரை போன வீட்டில் காகிதத்தையும் ஃபிலிமையும் காப்பாற்ற முடியாது என்பது நமக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆபரேஷனைக் கம்ப்யூட்டரில் திட்டமிட்டிருந்தால் அந்தத் திட்டத்தின் முப்பரிமாண ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் முதல் கேள்விக்கு, அதாவது திட்டமிட்ட இடத்தில் வைத்தார்களா என்பதற்கு, விடை தேட முடியாது.

ஒப்பிடுவது

வரப்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வரும் சர்வேயர் பக்கத்து வரப்பிலிருந்து அளக்க மாட்டார், எல்லைக்கல்லிலிருந்துதான் அளப்பார். இங்கே எல்லைக்கல் என்பது மண்டை ஓட்டின் முன்பக்க அடித்தளம். ஆபரேஷனில் அதைத் தொடுவதில்லை, வளர்ந்த ஆளுக்கு அது மாறுவதும் இல்லை. பல்லை வைத்தோ மேல்தாடையை வைத்தோ இரண்டு படங்களைப் பொருத்தினால், நகர்ந்ததோடு நகர்ந்ததை ஒப்பிட்டதாகிவிடும்.

பக்கவாட்டுப் படத்தில் இதற்கு எளிய வழி உண்டு. பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் குழியின் நடுப்புள்ளி செல்லா. நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேரும் இடம் நேசியான். இரண்டையும் இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். இரண்டு படங்களையும் உண்மை அளவில் டிரேசிங் தாளில் வரைந்து, செல்லாவை செல்லா மேல் வைத்து, கோட்டைக் கோட்டின்மேல் பொருத்துங்கள். மற்ற எல்லாம் எவ்வளவு நகர்ந்தது என்று கண்ணுக்கே தெரியும். மேல்தாடை எலும்பின் முன்பக்கம் மிகவும் உள்வாங்கிய இடம் ஏ புள்ளி, கீழ்த்தாடையில் அதே மாதிரி இடம் பி புள்ளி. நேசியானிலிருந்து இந்த இரண்டுக்கும் கோடு போட்டால் எஸ்என்ஏ, எஸ்என்பி கோணங்கள் வந்துவிடும். புத்தகத்தில் எஸ்என்ஏ 82, எஸ்என்பி 80, வித்தியாசம் 2 டிகிரி என்று போட்டிருக்கும். அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் ஸ்டெய்னர் தந்த அந்த எண்கள் அமெரிக்க வெள்ளையர் முகங்களை வைத்து வந்தவை. நம் ஊர் முகத்துக்கு அதுவே இலக்கு என்று நினைத்து 84 வந்ததும் கலங்க வேண்டாம். உங்கள் பழைய எண், திட்டத்தின் எண், இன்றைய எண், இந்த மூன்றையும் ஒப்பிட்டால் போதும்.

முப்பரிமாணப் படம் என்றால் த்ரீடி ஸ்லைசர் என்கிற இலவச மென்பொருள் இருக்கிறது, மாணவர்கள் தாராளமாகப் பழகலாம். இரண்டு டைகாம் தொகுப்பையும் ஏற்றி, மண்டை அடித்தளப் பகுதியை மட்டும் பிரித்து, அதன் சாம்பல் நிறச் செறிவை வைத்து மென்பொருளையே பொருத்தச் சொல்லுங்கள். கையால் புள்ளி வைத்துப் பொருத்துவதை விட இது நம்பகமானது. பொருந்தியதும் நெற்றி, கண்குழி ஓரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது படியவில்லை என்றால் தாடையைப் பார்க்கவே வேண்டாம், திரும்பப் பொருத்துங்கள். அதற்குப் பிறகு வரும் வண்ண வரைபடம் அழகாக இருக்கும், ஆனால் அது ஒரு பரப்பிலிருந்து மிக அருகில் உள்ள இன்னொரு பரப்புக்கு உள்ள தூரத்தைத்தான் காட்டும். தாடை பக்கவாட்டில் வழுக்கிப் போனதை அது குறைத்துக் காட்டிவிடும். அதனால் மோவாய், இரு தாடை மூலைகள், முன்பற்களின் நுனி என்று குறிப்பிட்ட புள்ளிகளையும் தனியே அளந்துவிடுங்கள்.

அளக்கும் ஆளின் கையிலும் பிழை உண்டு. ஒரே படத்தை இரண்டு வாரம் இடைவெளி விட்டு மறுபடி அளந்து பாருங்கள், அரை மில்லிமீட்டர் முதல் ஒன்று வரை வித்தியாசம் வருவது சாதாரணம். அதற்குள் அடங்கும் எதையும் "நகர்ந்தது" என்று சொல்லக் கூடாது. எங்கள் துறையில் பொதுவாக 2 மி.மீ.க்குள் இருந்தால் நிலையாக இருக்கிறது என்று கொள்கிறோம். 2 முதல் 4 வரை நகர்ந்திருந்தால் கவனிக்க வேண்டும், கிளிப் இருக்கும்போதே பல்லை வைத்து ஈடுகட்ட முடியும். 4 தாண்டினால் காரணம் தேடியே ஆக வேண்டும்.

எல்லா ஆபரேஷனும் ஒரே அளவு நிற்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். மேல்தாடையை மேலே தூக்கி வைத்தது மிக நன்றாக நிற்கும். மோவாயை மட்டும் நகர்த்தியதும் நிற்கும். மேல்தாடையைக் கீழே இறக்கியது, கீழ்த்தாடையை மட்டும் பின்னால் தள்ளியது இரண்டும் கொஞ்சம் திரும்பி வரப் பார்க்கும். மேல்தாடையைப் பிளந்து அகலப்படுத்தியது எல்லாவற்றிலும் குறைவாக நிற்பது. உங்களுக்குச் செய்தது இதில் எது என்று தெரிந்தால் எங்கே கூர்ந்து பார்ப்பது என்றும் தெரிந்துவிடும்.

கடி சரியாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். எலும்பு பின்னால் போய், கிளிப்பும் ரப்பரும் பல்லை இழுத்துக் கடியைச் சரியாகவே வைத்திருக்கலாம். படம் இல்லாமல் அது தெரியவே தெரியாது, கிளிப்பைக் கழற்றிய பிறகுதான் வெளியே வரும்.

தாடை மூலையைக் குறைத்தவர்கள் பார்க்க வேண்டியது வேறு. இரண்டு மூலைகளுக்கு நடுவே உள்ள அகலம், வெட்டிய விளிம்பு வழவழப்பாகப் போகிறதா அல்லது பின்னால் இன்னொரு மூலை முளைத்த மாதிரி படி விழுந்திருக்கிறதா, நரம்புக் குழாய்க்கும் தாடை அடி விளிம்புக்கும் நடுவே எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கிறது. முகம் இன்னும் அகலமாகத் தெரிந்தால் அது எலும்பா, மெல்லும் தசையா என்று பிரிக்க அல்ட்ராசவுண்டே போதும், கதிர்வீச்சே இல்லை.

படம் சொல்லாதவை

உதடும் மோவாயும் மரத்துப்போய் இருப்பவர்கள் ஸ்கேனைக் காட்டி "நரம்பு சரியாயிடுச்சா?" என்று கேட்பார்கள். நரம்பு போகும் குழாய் தெரியும், திருகு அதற்குள் போயிருந்தால் தெரியும், உணர்ச்சி திரும்பியதா என்பது எந்த ஸ்கேனிலும் தெரியாது. பஞ்சால் தொட்டு, எங்கே தெரிகிறது எங்கே தெரியவில்லை என்று கண்ணாடி பார்த்து மாதம் ஒரு முறை ஒரு தாளில் வரைந்து வைப்பதுதான் அதற்கு வழி.

வெட்டிய எலும்பு ஒன்று சேர்ந்துவிட்டதா என்பதற்கு சிபிசிடியில் சாம்பல் நிற எண்ணை வைத்து அடர்த்தி சொல்லக் கூடாது, அந்த எண் மெஷினுக்கு மெஷின் மாறும். வெட்டிய கோட்டின் இடைவெளி நிரம்பியிருக்கிறதா என்று உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். மூச்சுப்பாதையும் அப்படித்தான். கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளினால் குறுகும், இரு தாடையையும் முன்னால் கொண்டுவந்தால் விரியும், அது உண்மை. ஆனால் மூச்சை இழுத்தபோது எடுத்தார்களா விட்டபோதா, நாக்கு எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தே கன அளவு மாறிவிடும். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால் தூக்கப் பரிசோதனைதான் செய்ய வேண்டும்.

முகத் தோற்றத்துக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், முழுதாக அடங்க ஒரு வருடம்கூட ஆகும். போனைக் கை தூரத்தில் வைத்து செல்ஃபி எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும், முகத்தின் விகிதமே மாறிவிடும். இன்னொருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தி, ஜூம் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரே சுவர் முன்னால் எடுங்கள்.

ஒரு வருடப் படத்துக்குக் காத்திருக்காமல் உடனே ஓட வேண்டிய சமயங்களும் உண்டு. முன்பற்கள் மெல்ல மெல்லப் படாமல் போய், கடைவாய் மட்டும் கடித்து, மோவாய் பின்னால் போவது போல் தெரிந்தால், முக்கியமாகக் கீழ்த்தாடையை அதிகமாக முன்னால் கொண்டுவந்த இளம் பெண்களுக்கு, மூட்டுக் குமிழ் கரைகிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பரை எடுத்த அன்றே கடி திறந்துவிட்டால் காரணம் வேறு, மூட்டு அதன் குழியில் சரியாக உட்காராமலேயே எலும்பைப் பொருத்தியிருக்கலாம். மாதக்கணக்கில் மெதுவாகத் திறந்தால்தான் கரைதல் சந்தேகம். எந்தத் தேதியிலிருந்து கடி மாறியது என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு மூட்டுகளும் விழும்படி சிபிசிடி எடுத்து, ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்த அந்த இரண்டாவது படத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்கைப் பார்க்க வேண்டும் என்றால் எம்ஆர்ஐ கேட்பார்கள். பழைய பென்டிரைவையும் கையோடு கொண்டு போங்கள்.